நீஷ் விளையாட்டில் நோய் நின்றது இப்படித்தான்

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே போக வழியில்லை. அப்படி ஒரு மழையில்தான் தம்பியின் லேப்டாப்பில் நீஷ் ஆட ஆரம்பித்தேன். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் 2017-இல் வெளியிட்ட விளையாட்டு. விலங்குகளை ஜோடி சேர்த்துக் கூட்டம் அழியாமல் காப்பாற்ற வேண்டும்.

உணவுக்குக் குறைவில்லை. ஆனாலும் பேரன் பேத்தி காலம் வந்ததும் குட்டிகள் வரிசையாக நோயில் விழுந்தன. ஒன்றைக் கிளிக் செய்து மரபணுப் பக்கத்தைத் திறந்தேன். நோய் எதிர்ப்புக்கான இரண்டு மரபணுக்களையும் குறிக்கும் எழுத்து ஒன்றேதான்! வேறு வேறாக இருந்தால்தான் உடம்பு தாங்கும். முதல் ஜோடியின் வாரிசுகளே தங்களுக்குள் சேர்ந்தால் இப்படி ஆக வாய்ப்பு அதிகம். மாமன் மகளைக் கட்டும் நம்ம ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

சரி, அன்றிலிருந்து ஜோடி சேர்க்கும் முன் இரண்டின் எழுத்துகளையும் பார்த்துவிடுவேன். இரண்டிலும் ஒரே எழுத்து ஒன்று இருந்தாலும் அந்தச் சம்பந்தம் வேண்டாம். சுற்றித் திரியும் வெளி ஆண் தென்பட்டால் துரத்தாமல் நம் பெண்ணுடன் சேர விட்டேன். நோய் குறைந்தது. குட்டிகளுக்குக் கொம்பு, நகம் வரவைப்பதெல்லாம் அப்புறம். முதலில் புது ரத்தம். ஒவ்வொரு விலங்கும் தினமும் தின்னும் என்பதால், பெர்ரி இருப்பு குறைந்தால் குட்டி போடுவதையும் நிறுத்திவைக்கிறேன்.