50 கிலோமீட்டர் ஓட, முதலில் எடை பாருங்கள்

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டினாலே அல்ட்ரா. எங்கள் நாகர்கோவில் ஓட்டக் குழுவோடு பயிற்சி எடுத்து முதல் 50 கிலோமீட்டரை முடித்தேன். அதில் எனக்கு அதிகம் உதவியது எடை பார்க்கும் மெஷின்தான்.

பயிற்சியின்போது ஒரு மணி நேரம் ஓடுங்கள். முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் வியர்வை போயிருக்கிறது. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டினால், ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிந்துவிடும். மணக்குடி, பள்ளம் பக்கம் கடலோரமாக ஓடுகிறவர்களுக்கு இது ரொம்ப அவசியம். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை உலராமல் வழியும், உடம்பும் குளிராது.

எடை கூடியிருந்தால் கவனம்! வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உயிருக்கே ஆபத்து. அதனால் தாகத்துக்குக் குடியுங்கள். நான் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் கையில் வைத்திருந்தேன்.

சாப்பாட்டைப் பசிக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். முதல் மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். நம் ஊர் மட்டி வாழைப்பழம் சின்னது, ரெண்டு கடியில் முடிந்துவிடும். எனக்கு அது வயிற்றைப் படுத்தவே இல்லை. எதுவானாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்ததையே 50 கிலோமீட்டர் ஓடும் அன்றைக்கும் சாப்பிடுங்கள்.

அப்புறம், மேட்டில் நடந்துவிடுங்கள். கிளம்பும் முன், தோல் உரசிப் புண்ணாகாமலிருக்க, தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாஸ்லின் தடவ மறக்காதீர்கள்.