போர்வெல் தண்ணீரில் கெமிக்கல் இறங்கியிருக்கிறதா? பார்ப்பது எப்படி

தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை டம்ளருக்குள் விட்டு, 600 காட்டினால் "பரவாயில்லை, குடிக்கலாம்" என்று முடிவு கட்டுகிறவர்கள் மதுரையைச் சுற்றி நிறையப் பேர். உப்புக்கு அது சரி. ஆனால் பக்கத்தில் பட்டறைக் கழிவையோ டிரை கிளீனிங் கெமிக்கலையோ புதைத்திருந்தால் அந்த மீட்டர் வாயே திறக்காது, ஏனென்றால் அது அளப்பது மின்கடத்தலை. கிரீஸ் எடுக்கிற கரைப்பான்கள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை.

அமெரிக்காவில் வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்ற மரைன் படை முகாமில் நடந்தது இதுதான். முகாமில் கொட்டிய கழிவு, தொட்டியிலிருந்து கசிந்த எரிபொருள், போதாததற்கு வாசலுக்கு வெளியே இருந்த ஒரு டிரை கிளீனிங் கடையின் கழிவு, எல்லாம் குடிநீர்க் கிணறுகளுக்குள் போயின. 1980-ல் வேறு ஒன்றைத் தேடிச் சோதித்தபோதுதான் சந்தேகமே வந்தது. 1982-ல் எடுத்த ஒரு மாதிரியில் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கிரீஸ் எடுக்கும் கரைப்பான் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம். அந்த நாட்டில் இன்றைய வரம்பு 5. மோசமான கிணறுகளை மூட ஆரம்பித்ததோ 1984 கடைசியில்தான். லேப் என்பது நாம் கேட்டதைத்தான் தேடும், கேட்காததைத் தேடாது.

அதனால் முதல் வேலை பாட்டிலைத் தூக்குவது இல்லை, விசாரிப்பது. டீக்கடைப் பெரியவர்கள், பழைய வாட்ச்மேன், லாரி ஓட்டியவர் என்று நாலு பேரிடம் பேச்சுக் கொடுங்கள்: எந்தக் காலத்தில், என்னத்தை, எங்கே கொட்டினார்கள்? முக்கியமாக ஊரில் மூடிய பாழுங்கிணறு உண்டா, அதற்குள் என்ன போட்டு மூடினார்கள் என்று கேளுங்கள். நிலத்தடி நீருக்கு அதைவிட நேரான வழி கிடையாது. முலாம் பூசும் பட்டறை என்றால் குரோமியம், நிக்கல், சயனைடு பார்க்க வேண்டும். பேட்டரி உடைத்த இடம் என்றால் ஈயம். டீசல் தொட்டி என்றால் பென்சீன். டிரை கிளீனிங், உலோகம் கழுவுதல் என்றால் ட்ரைகுளோரோஎத்திலீன், டெட்ராகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு. தீயணைப்பு நுரை அடித்துப் பயிற்சி நடந்த இடம் என்றால் பிஎஃப்ஏஎஸ் என்ற எளிதில் சிதையாத ஃபுளோரின் கெமிக்கல்கள், அது தனி டெஸ்ட்.

"நம்ம போர் 500 அடி, ஒண்ணும் ஆகாது" என்பதை நம்பாதீர்கள். ட்ரைகுளோரோஎத்திலீன் தண்ணீரை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், கீழே கீழே இறங்கும். நம் பக்கம் பெரும்பாலும் கடினப் பாறை, தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிறது, அதனால் பக்கத்து வீட்டு போர் சுத்தமாக வந்தது என்பதற்காக உங்களுடையதும் சுத்தம் என்று ஆகாது.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சின்டெக்ஸ் தொட்டியிலோ ஆர்ஓ குழாயிலோ பிடித்தால் கரைப்பான்கள் அதற்குள் காற்றோடு போயிருக்கும், இல்லை கார்பன் பிடித்து வைத்திருக்கும். மோட்டாரைப் போட்டுப் பதினைந்து, இருபது நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்னால் உள்ள குழாயில், மெதுவாக, நுரை கிளப்பாமல் பிடியுங்கள். கரைப்பானுக்கு லேப் கொடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி வேண்டும். அதில் மருந்து முன்கூட்டியே போட்டிருந்தால் கழுவி ஊற்றிவிடாதீர்கள். விளிம்பு வரை நிரப்பி மூடித் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள், ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. உலோகத்துக்கு வேறு பாட்டில். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் வழக்கமாகப் பார்ப்பது உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் மாதிரியானவை. கரைப்பானுக்கு என்ஏபிஎல் (லேப்களைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற தனியார் லேபில் "விஓசி, ஜிசி-எம்எஸ் முறையில்" என்று (விஓசி என்றால் எளிதில் ஆவியாகும் கெமிக்கல்கள், ஜிசி-எம்எஸ் அவற்றைப் பிரித்து அடையாளம் காணும் கருவி) வாய்விட்டுக் கேட்டு, பட்டியலில் மேலே சொன்ன பெயர்கள் இருக்கின்றனவா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். விலை கொஞ்சம் உறைக்கும். தெருவில் நாலு வீடு சேர்ந்து பங்கு போடுவது உத்தமம்.

ரிசல்ட் வரும் வரை குடிக்க, சமைக்க வேறு தண்ணீர். கொதிக்க வைப்பது கிருமிக்கு மட்டும்தான் மருந்து. உலோகம் இருந்தால் தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும், கரைப்பான் இருந்தால் ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும், ஹீட்டர் போட்டுக் குளித்தாலும் அதே கதைதான்.

ரிசல்ட் மோசமாக வந்தால், நகல் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் இன்னொரு மனு, இரண்டுக்கும் ரசீது. கூடவே பத்து ரூபாயில் தகவல் உரிமை மனுவும் போடுங்கள். இடம் ராணுவத்துடையதாக இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லி 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்காமல், சுற்றியுள்ள கிணறுகளில் வாரியம் எடுத்த நீர் ஆய்வு முடிவுகளை மட்டும் தேதி வாரியாகக் கேளுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, ஆனால் அங்கே போக ஆறு மாதக் கெடு என்பதால் முதல் ரிப்போர்ட்டின் தேதியைத் தொலைத்துவிடாதீர்கள்.