‘ரிவர்ட்’ என்று எழுதுவதற்கு முன்

விசாவுக்கான ஆங்கிலத் தேர்வில் தேறித்தான் வெளிநாடு வந்திருப்பீர்கள் என்பதால், எழுதுபொருளுக்கான ‘ஸ்டேஷனரி’யில் ‘ஈ’யும் அசையாது நிற்பதற்கான ‘ஸ்டேஷனரி’யில் ‘ஏ’யும் வரும் என்பன போன்ற பாடங்களை நான் நடத்தப் போவதில்லை. அவற்றில் தவறினால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பல ஆண்டுகளாகச் சரியாகவே பயன்படுத்தி வருகிறோம் என்று நாம் நம்பியிருக்கும் சொற்களே நம்மைக் கவிழ்த்துவிடுகின்றன.

பணியில் சேர்ந்த இரண்டாம் வாரத்தில், மென்பொருளில் மூன்று நாள் உழைத்துச் செய்த திருத்தங்களைச் சக ஊழியர் ஒருவருக்கு அனுப்பி, ‘ப்ளீஸ் செக் அண்ட் ரிவர்ட்’ என்று ஒரு வரி எழுதினேன். பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்பதே என் எண்ணம். மறுநாள் காலையில் என் திருத்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டு, நிரல் பழைய நிலையில் கிடந்தது. கீழே ‘டன்’ என்ற ஒற்றைச் சொல் இருந்தது. அவர் மீது குற்றமில்லை. ‘திரும்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த அச்சொல், பொது ஆங்கிலத்தில் முந்தைய நிலைக்குத் திரும்புவதைக் குறிக்கிறது. நிரலாளர்களிடையே செய்த மாற்றத்தை நீக்குவதற்கும் அதுவே பெயர். பதிலளித்தல் என்ற பொருள் இந்தியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் அலுவலகக் கடிதங்களில்தான் செல்லுபடியாகும். நீக்கியவற்றை மீட்டுவிட்டோம் என்றாலும், அன்று வெளியான பதிப்பில் என் பகுதி இடம்பெறவில்லை. அதற்கான காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் விளக்க நேர்ந்தது இன்றும் உறுத்துகிறது. ‘ரிப்ளை’ என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

‘டவுட்’டும் இதே இனம்தான். தமிழில் ஆசிரியரிடம் கேட்பதும் சந்தேகம், ஒருவரை நம்பாதிருப்பதும் சந்தேகம். ஆங்கிலச் சொல்லில் நம்பாமையே மேலோங்கி நிற்பதால், ‘உங்கள் கணக்கில் எனக்கொரு டவுட்’ என்று மேலாளரிடம் சொன்னால், கணக்கே தவறு என்று நீங்கள் சொல்வதாக அவர் முகம் சுருங்கக்கூடும். ‘கொஸ்டின்’ என்று சொல்லுங்கள். கல்லூரியில் ‘பாஸ்டு அவுட்’ ஆனேன் என்றால் அங்கே மயங்கி விழுந்ததாகவே பலர் புரிந்துகொள்வார்கள். குறித்த நேரத்தை முன்னதாக மாற்றுவதைச் சொல்லும் ‘ப்ரிப்போன்’ என்பதும் பலருக்கு விளங்காது; அதைவிடக் கச்சிதமான சொல் அவர்களிடம் இல்லை என்பது என் தனிப்பட்ட கருத்து, ஆயினும் ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ என்றே சொல்லிப் பழகிக்கொண்டேன்.

உச்சரிப்பில் எண்களைக் கவனியுங்கள். ‘ஃபிஃப்டீ’னைத் தனியாகச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசையிலும், ‘ஃபிஃப்டி’யில் முதல் அசையிலும் விழ வேண்டும், நாம் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் சொல்லிவிடுவதால், தொலைபேசியில் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று பிரித்தும் சொல்லிவிடுவது பாதுகாப்பானது. தமிழில் வகரம் ஒன்றே என்பதால், நாம் ‘வெஸ்ட்’ என்றால் உள்சட்டையா மேற்கா என்று கேட்பவர் திகைக்கிறார். முன்னதற்கு மேற்பற்கள் கீழுதட்டைத் தொட வேண்டும். பின்னதற்கு உதடுகள் குவிய வேண்டும்.

‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ பிரிட்டனில் நம் வழக்கப்படியே முதல் மாடி, அமெரிக்காவிலோ பெரும்பாலும் தரைத்தளம். ஆகவே நேர்காணலுக்குச் செல்பவர்கள், எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறவும்.