ராமநாதபுரம் கடற்கரையில் கிளிமூக்கு விசிறிவால்: வீட்டில் வளர்த்து இனம் பெருக்கும் முறை

கிளிமூக்கு விசிறிவால் என்பது அசில் என்னும் சண்டைக்கோழி இனத்தின் வழியில் வந்து, தமிழ்நாட்டு வளர்ப்பாளர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பேணிய அழகுக்கோழி. வளைந்து தடித்த அலகு, அகன்ற தலை, தரையை நோக்கிச் சரியும் நீண்ட வால் ஆகியவை இதன் அடையாளங்கள். காகம், கீரி, மயில், செவலை, சாம்பல், கொக்கு வெள்ளை என்று நிறத்தைக் கொண்டே இதன் வகைகளைப் பெயரிட்டு அழைக்கிறார்கள். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கடலோர ஊர்களில் இதை வளர்க்க ஆசைப்படுவோர் பலர். ஆனால் செம்மண் பூமிக்கென்று சொல்லப்படும் முறைகளை அப்படியே இங்கே பின்பற்றினால், உப்பும் ஈரக்காற்றும் பறவையை மெல்ல மெல்ல நலிய வைத்துவிடும். ஆகவே இந்த விளக்கம் நம் மண்ணுக்கும் நம் தண்ணீருக்கும் ஏற்ற வரிசையில் செல்கிறது. இது கண்காட்சிக்கும் அழகுக்கும் உரிய பறவை என்பதையும், சேவல்களைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் தண்ணீர்

கோழி வாங்குவதற்கு முன் உங்கள் கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அது காட்டும் எண் 1000 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 1000 மில்லிகிராம்) இருந்தால் நல்ல நீர். அதற்கு மேல் போனால் எச்சம் தண்ணீராகக் கழியத் தொடங்கலாம். 3000ஐத் தாண்டிய நீர் கோழிக்கு ஆகாது. உப்பு மிகும்போது முதலில் பாதிக்கப்படுபவை குஞ்சுகள்தாம். ஓயாத தாகம், நீர்க்கழிச்சல், உடல் வீக்கம், கால் தள்ளாட்டம் என்று அறிகுறிகள் வரிசையாக வரும்போது பலர் அதை ஏதோ தொற்றுநோய் என்று கருதி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்குக் கால் லிட்டர் முதல், கோடையில் அரை லிட்டர் வரை குடிக்கும். ஆறு பறவைகளுக்கு மூன்று லிட்டர் போதும் என்பதால், வீட்டுக்கு வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரிலோ சேமித்த மழைநீரிலோ அவற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது பெரிய சுமையன்று. மண்சட்டியில் ஊற்றி நிழலில் வைத்தால் நீர் சூடேறாது.

கூண்டும் தரையும்

கூண்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அப்போதுதான் காலை மாலை வெயில் நேராக உள்ளே பாயாது. பனையோலைக் கூரை வெப்பத்தை நன்றாகத் தாங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்மேற்குப் பக்கம் மணல் வாரி அடிக்கும், வாடைக்காற்றுக் காலத்தில் வடகிழக்கிலிருந்து சாரல் வரும். எனவே அந்த இரு பக்கங்களிலும் இறக்கி ஏற்றும்படி ஓலைத் தட்டி கட்டிக்கொள்ளுங்கள். மேலே பழைய மீன்வலையை விரித்துக் கட்டினால் காகமும் பருந்தும் குஞ்சுகளை நெருங்க முடியாது. அடிப்பக்கம் மட்டும் நெருக்கமான கம்பிவலையாக இருக்கட்டும், ஏனெனில் கீரியும் பாம்பும் நுழைவது அங்கேதான்.

பெரிய கோழி ஒன்றுக்கு உள்ளே நான்கு சதுர அடியாவது இடம் வேண்டும். உறங்கும் கட்டையை இரண்டு முதல் மூன்று அடி உயரத்தில் வையுங்கள். அதைவிட உயர்த்தினால் கனமான சேவல் குதிக்கும்போது பாதம் அடிபட்டுக் கட்டி உண்டாகும். தாழ்த்தினால் வால் தரையில் உரசி நுனி நைந்துவிடும். கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் வால் தொங்கும் அளவுக்கு இடைவெளி விட மறக்க வேண்டாம். தரையில் கடல்மணலைப் பரப்பாதீர்கள், அது ஈரத்தை ஈர்த்து எப்போதும் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும். நிலக்கடலைத் தோல் நல்லது. ஒரு மூலையில் உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் கோழிகள் தாமே மண் குளித்துச் செள் என்னும் ஒட்டுண்ணிப் பூச்சியின் தொல்லையைக் குறைத்துக்கொள்ளும்.

தீவனத்தில் கவனிக்க வேண்டியது

கம்பு, சோளம், உடைத்த அரிசி, தவிடு, கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றுடன் முருங்கைக் கீரையும் கரையானும் சேர்ந்தால் வளர்ந்த கோழிக்குக் குறைவில்லை. நம் பகுதியில் எளிதில் கிடைக்கும் கருவாட்டுத் தூளைத்தான் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். உப்பிட்ட கருவாட்டைக் கொடுப்பது, மேலே சொன்ன உப்பு நீரைக் கொடுப்பதற்கு ஒப்பானது. உப்பிடாமல் காய வைத்த பொடிமீனை மட்டும் சிறிதளவு கலக்கலாம். முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்துக்காகக் கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலை நல்ல நீரில் பலமுறை கழுவி உலர்த்தி இடித்து, தனிச் சட்டியில் வைக்கலாம். பவளப்பாறைத் துண்டுகளை மட்டும் தொடாதீர்கள். அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

இணை சேர்த்தல்

தொடக்கநிலையாளர் ஒரு சேவலும் மூன்று பெட்டைகளும் கொண்டு தொடங்குவது நல்லது. ஒரு சேவலுக்கு ஐந்தாறு பெட்டைகளுக்கு மேல் வேண்டாம். சேவலுக்கு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். வாங்கும்போது எல்லோரும் வாலையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் அலகைக் கையில் பிடித்துப் பாருங்கள். வளைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் மேலலகும் கீழலகும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் அப்பறவை தானியத்தைப் பொறுக்கத் திணறும். அக்குறை குஞ்சுகளிலும் வரக்கூடும் என்பதால், எத்தகைய நிறமாக இருந்தாலும் அதை இனப்பெருக்கத்துக்கு எடுக்கக் கூடாது. விரல்கள் நேராக இருக்கின்றனவா, கண் தெளிவாக இருக்கிறதா, பெட்டை முன்பு அடைகாத்துக் குஞ்சுகளை ஒழுங்காக மேய்த்ததா என்பவற்றையும் விசாரியுங்கள். புதிய பறவைகளை மூன்று வாரம் தனியே வைத்த பிறகே பழைய கூட்டத்தோடு சேர்க்க வேண்டும்.

சேவலை மாற்றினாலும் பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம் உயிரோடிருக்கும். ஆகவே புதிய சேவலின் குஞ்சுதான் வேண்டுமென்றால் மூன்று வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவனவற்றை மட்டும் அடைக்குச் சேர்க்க வேண்டும்.

அடை வைத்தல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமாகிக் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். சித்திரை வெயிலோ முட்டையையே கெடுக்கும். மார்கழிக் கடைசியில் அடை வைத்துத் தை நடுவில் பொரிக்கும்படி பார்த்துக்கொண்டால், கோடை உச்சத்துக்கு முன் குஞ்சுகள் இறகு கட்டிவிடும். அடைமுட்டையைக் கழுவக் கூடாது. கூர்முனை கீழிருக்கும்படி, ஈரமணல்மேல் வைத்த மண்பானைக்குள் ஒரு வாரத்துக்கு மிகாமல் சேமியுங்கள். வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துவிடும்.

ஒரு பெட்டைக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் போதும். கூடையில் சாம்பலும் வைக்கோலும் பரப்பி, வேப்பிலை சேர்த்து வைப்பது பூச்சியைக் குறைக்கும். கரித்துண்டும் இரும்பும் மிளகாயும் வைப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம்; அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் இரவில் அடைக்கோழியை மெதுவாக நகர்த்தி, முட்டையின் அகன்ற முனையில் கைப்பேசி விளக்கைப் பொருத்திப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் ஒரு சிறு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தியின் கால்கள் போலப் பிரிந்தோடும் சிவந்த நரம்புகளும் தெரியும். முழுதும் மஞ்சளாக ஒளிர்ந்தால் அது கூமுட்டை. நரம்புகள் இல்லாமல் ஒரு ரத்த வளையம் மட்டும் நின்றால் கரு இறந்துவிட்டது. இவ்விரண்டையும் எடுத்துவிட வேண்டும்.

இன்குபேட்டர் பயன்படுத்துவோர் 37.5 டிகிரி வெப்பத்தை 21 நாளும் சீராகப் பேணி, 18ஆம் நாள் வரை தினமும் மூன்று முறையாவது முட்டையைத் திருப்ப வேண்டும். கடற்கரைக் காற்றிலேயே ஈரம் மிகுதி என்பதால், ஈரப்பத மானியைப் பார்க்காமல் தண்ணீர்த் தட்டை நிரப்பக் கூடாது; 18 நாள் வரை 50 முதல் 55 விழுக்காடும், கடைசி மூன்று நாள் 65க்கு மேலும் இருந்தால் போதும்.

குஞ்சுகளும் தடுப்பூசியும்

பொரித்த குஞ்சின் அலகை நல்ல நீரில் ஒருமுறை நனைத்துக் குடிக்கப் பழக்குங்கள். தாயில்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி வெப்பமும், பிறகு வாரந்தோறும் மூன்று டிகிரி குறைவாகவும் தேவை. குஞ்சுகள் விளக்கடியில் ஒட்டிக் குவிந்தால் குளிர்கிறது, வாயைப் பிளந்து ஓரத்தில் ஒதுங்கினால் வெப்பம் மிகுதி. எட்டு வாரம் வரை 20 விழுக்காடு புரதமுள்ள குஞ்சுத் தீவனம் கொடுக்க வேண்டும்.

கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் மருந்தில்லை, தடுப்பூசி மட்டுமே வழி. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரம் மீண்டும் ஒருமுறை, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி என்பது வழக்கமான வரிசை. மழைக்குப் பின் கொசு பெருகும் நம் பகுதியில் ஆறாம் வார அம்மைத் தடுப்பூசியையும் விடக் கூடாது. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்து வந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. 

நிறம் பிரித்தலும் பதிவேடும்

நிறத்துக்காகவே இக்கோழியை வளர்ப்போர் சற்றுப் பொறுமையுடன் அறிய வேண்டிய பகுதி இது. சாம்பல் நிறச் சேவலையும் சாம்பல் பெட்டையையும் சேர்த்தால் எல்லாம் சாம்பலாகவே வரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அப்படி வருவதில்லை. கருமையை நீர்க்கச் செய்யும் மரபணு ஒரு பங்கு இருந்தால் சாம்பல், இரு பங்கும் இருந்தால் வெளிறித் திட்டுத்திட்டான நிறம், இல்லாவிட்டால் கருப்பு. ஆகவே அவ்விணையில் சராசரியாகப் பாதி சாம்பலும், கால்பங்கு கருப்பும், கால்பங்கு வெளிறியனவும் பிறக்கும். வெளிறியதைத் தள்ளிவிடாமல் கருப்போடு சேர்த்துப் பாருங்கள், குஞ்சுகள் அனைத்தும் சாம்பலாக வரும். சாம்பலும் சாம்பலும் சேர்ந்து சாம்பலையே தொடர்ந்து தந்தால், அது மறைந்து நிற்கும் வேறொரு மரபணுவின் வேலை. அதே போல நிறமுள்ள பெற்றோர் இருவருக்கும் வெள்ளைக் குஞ்சு பிறப்பதுண்டு; அதைக் கலப்படம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இவை தெளிவாக வேண்டுமென்றால் காலில் எண் வளையமும் கையில் ஒரு நோட்டும் தேவை. குஞ்சின் எண், தாய், தந்தை, பொரித்த நாள், இரண்டாம் மாத நிறம், ஆறாம் மாத நிறம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். குஞ்சு இறகு உதிர்ந்து மாறுவதால், ஆறு மாதத்துக்கு முன் நிறத்தை முடிவு செய்து விற்றுவிட வேண்டாம்.

உடன்பிறந்தவற்றையே தொடர்ந்து சேர்த்தால் பொரிப்புத் திறன் குறையும், குஞ்சுகள் நோஞ்சானாகும். இதைத் தள்ளிப்போட மூன்று கூண்டுகள் போதும். பெட்டைக் குஞ்சுகளைத் தாயின் கூண்டிலேயே வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த சேவல் குஞ்சை முதல் கூண்டிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டிலிருந்து மூன்றாவதற்கும், மூன்றிலிருந்து முதலாவதற்கும் மாற்றுங்கள். அண்டை ஊர்களில் இதே இனத்தை வளர்க்கும் மூன்று வீட்டார் ஆளுக்கொரு கூண்டாகப் பிரித்துக்கொண்டாலும் இம்முறை நடக்கும். மீதமுள்ள சேவல்களை நான்காம் மாதத்திலேயே ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தட்டியால் மறைத்துத் தனித்தனியே விட வேண்டும். அசில் இரத்தம் அந்த வயதிலேயே மோதத் தொடங்கும், ஒருமுறை அலகில் வெட்டு விழுந்த சேவலைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக முடியாது.