செக்ஸ்டன்ட் பழக மொட்டை மாடி போதும்

சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகை நிற்கிறது என்று அளந்து கடலில் இடம் கண்டுபிடிக்க உதவும் கருவி செக்ஸ்டன்ட். சென்னையில் அதைப் பழக நினைக்கிறவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு நேரே மெரினாவுக்குப் போய்விடுகிறார்கள். காலையில் போனால் சரி, நண்பகலில் அங்கே வேலை இல்லை. நம் கடல் கிழக்கே இருக்கிறது. உச்சிச் சூரியனோ ஆண்டின் பெரும்பகுதி தெற்கே நிற்கிறது. சூரியனுக்கு நேர் கீழே தொடுவானம் தெரிய வேண்டும். மெரினாவில் தெற்கே திரும்பினால் கட்டடங்கள்தான் தெரியும். ஆனால் பாடம் தொடங்க வேண்டியது உச்சிச் சூரியனில்தான். அதற்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். ஆகவே முதல் வகுப்பு மொட்டை மாடியில்.

வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று ராயபுரத்தில் இருக்கிறேன். கப்பலில் பயிற்சி அதிகாரியாக, அதாவது கேடட் ஆகப் போகும் என் தங்கை மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். “ஜி.பி.எஸ். இருக்கும்போது இது எதற்கு மாமா?” என்று அவனும் கேட்டான். கருங்கடலிலும் செங்கடலிலும் அந்தச் சிக்னலையே அடைக்கிறார்கள், பொய்ச் சிக்னல் அனுப்பிக் கப்பலை நிலத்தில் நிற்பதாகக் காட்டுகிறார்கள் என்றேன். பரீட்சையிலும் கேட்பார்கள் என்றதும்தான் மாடி ஏறினான்.

கருவி விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. வரவேற்பறையில் வைக்கிற பளபள பித்தளைச் செக்ஸ்டன்டை வாங்காதீர்கள், அது பொம்மை. டேவிஸ் பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட் பழகுவதற்குத் தாராளமாகப் போதும். பழைய தமாயா செக்ஸ்டன்ட் கிடைத்தால், கோணத்தை நுணுக்கமாக மாற்றும் உருளையைத் திருகிப் பாருங்கள். எங்கும் இடறாமல் ஓட வேண்டும். கண்ணாடி ஓரத்தில் ரசம் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பாகை குறித்த வில் கோணியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் சுழிப்பிழை, அதாவது சுழியத்திலேயே கருவி காட்டும் பிழை, எவ்வளவு என்று பாருங்கள். கருவியைச் சுழியத்தில் வைத்து ஒரு நட்சத்திரத்தையோ கடலின் தொடுவானத்தையோ நோக்கி, இரண்டு பிம்பமும் ஒன்றாகும்வரை உருளையைத் திருகி, அது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுழியத்துக்கு மேலே காட்டினால் கழிக்க வேண்டும், கீழே காட்டினால் கூட்ட வேண்டும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நோக்கிச் செய்யாதீர்கள். பொருள் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இல்லாவிட்டால், இரு கண்ணாடிகளுக்கும் இடையே உள்ள தூரமே பிழையாக வந்து சேரும்.

இனி தொடுவானம் இல்லாத குறைக்கு வழி. ஓரம் உயர்ந்த ஒரு தட்டில் மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட கறுப்பு எஞ்சின் ஆயிலை அரை விரற்கடை ஆழத்துக்கு ஊற்றுங்கள். அந்தக் காலத்தில் பாதரசம் ஊற்றினார்கள்; நஞ்சு, வேண்டாம். ஆயிலின் மேற்பரப்பு தானாகவே சமமட்டமாக நிற்கும். வானத்துச் சூரியனுக்கும் ஆயிலில் தெரியும் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்தால், உயரத்தின் இரு மடங்கு கிடைக்கும்.

இங்கேதான் பருவம் குறுக்கிடுகிறது. செக்ஸ்டன்ட் ஏறத்தாழ 120 பாகைவரைதான் அளக்கும். அப்படியென்றால் சூரியன் 60 பாகைக்கு மேல் ஏறக் கூடாது. சென்னையில் உச்சிச் சூரியன் அதற்குக் கீழே இருப்பது நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து ஜனவரி முடியும்வரைதான். நவம்பரையும் டிசம்பரின் பாதியையும் வடகிழக்குப் பருவமழை விழுங்கிவிடும். பொங்கலை ஒட்டிய வாரங்கள்தான் நமக்கு வாய்த்தவை.

ஆயில் தட்டை, மாடியின் ஈசானிய மூலையில் வையுங்கள். அந்த மாதத்துக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். இரு பக்கச் சுவரும் அதை மறிக்கும், வெயிலை மறிக்காது. நாற்காலியில் உட்கார்ந்து தட்டை இரண்டு முழம் முன்னால் தள்ளி வைத்தால் சூரியன் ஆயிலில் விழும். கருவியில் இரண்டு பக்கத்துக் கறுப்புக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு அப்புறம் கண்ணை வையுங்கள். இதில் அவசரம் கூடாது, பார்வை போய்விடும். எங்கள் தெருவில் ஒரு கன்டெய்னர் லாரி போனால் ஆயிலில் இருக்கும் சூரியன் ஒடிந்து ஒடிந்து நடுங்கும். அது அடங்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும்.

ஜனவரி 10 வாக்கில் என்றால், கோணத்தை 109 பாகைக்கு முன்கூட்டியே வைத்து ஆயிலை நோக்கினால் இரண்டாவது சூரியன் பக்கத்திலேயே தட்டுப்படும். கருவியை மணிக்கட்டால் இடமும் வலமும் மெல்லச் சாய்த்தால் அது ஒரு வில்லாக ஓடும். வில்லின் அடிப்புள்ளியில், ஆயில் சூரியனின் தலைமேல் மற்றது தொட்டும் தொடாமலும் உட்கார வேண்டும். முற்பகலில் இரண்டும் விலகிக்கொண்டே போகும். நீங்கள் திருகிச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எப்போதும் ஒரே திசையில் திருகித் தொட வைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் விலகாது, அசையாமல் நிற்கும். பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கும். நின்றபோது காட்டியதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

அன்று அது நம் கடிகாரத்தில் 12.16 அளவில் நடக்கும். 109 பாகை 17 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று காட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். சுழிப்பிழை 2 கலையை முதலில் கழிக்க வேண்டும், பிறகுதான் பாதியாக்க வேண்டும். பாதியாக்கிவிட்டுக் கழித்தால் ஒரு கடல் மைல் தள்ளிப் போய்விடுவீர்கள். 109 பாகை 15 கலையில் பாதி 54 பாகை 37.5 கலை. இது சூரியனின் கீழ்விளிம்பு. மையத்துக்குப் போக ஏறத்தாழ 16.3 கலை கூட்டி, காற்று ஒளியை வளைப்பதற்காக 0.6 கழித்தால் 54 பாகை 53.2 கலை. 90இலிருந்து அதைக் கழித்தால் 35 பாகை 6.8 கலை. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 22 பாகையில் நிற்பதாக மாலுமிகளின் பஞ்சாங்கமான நாட்டிகல் அல்மனாக் சொன்னால், அதையும் கழியுங்கள். 13 பாகை 6.8 கலை வடக்கு, இதுதான் அட்சரேகை. ராயபுரம்தான்! ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். இரண்டு கலைக்குள் வந்தால் நல்ல கை.

தீர்க்கரேகைக்கு அந்த உச்சி நேரத்தை நம்ப முடியாது. சூரியன் சில நிமிடங்கள் அப்படியே நிற்கும். உச்சிக்கு அரை மணி முன் ஒரு கோணத்தை அளந்து நேரம் எழுதுங்கள். கருவியைத் திருகாமல் வைத்திருந்து, பிற்பகலில் சூரியன் அதே கோணத்துக்கு இறங்கும் நேரத்தையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே உச்சி. அது கிரீன்விச் உச்சியிலிருந்து எவ்வளவு நேரம் தள்ளியிருக்கிறதோ அதிலிருந்துதான் தீர்க்கரேகை வரும். நான்கு வினாடி பிசகினால் ஒரு கலை போகும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியவர்கள் இதே தலைவலியோடு இருந்தவர்கள்தான். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய மெட்ராஸ் நேரம் அங்கிருந்து வந்தது. அவர்களுடைய கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

இப்போது மெரினாவுக்குப் போகலாம், காலை எட்டு மணிக்கு. இங்கே அசல் தொடுவானம், ஆகவே கண் இருக்கும் உயரத்துக்குத் திருத்தம் உண்டு: மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு 2.5 கலை. மார்ச் 21ஐ ஒட்டிய நாள்களில் செய்தால் கிடைக்கும் நிலைக்கோடு, அதாவது நாம் எங்கோ ஓரிடத்தில் நிற்கும் கோடு, ஏறத்தாழ வடக்கு தெற்காக, கடற்கரைச் சாலையை ஒட்டியே விழும். தவறு எவ்வளவு என்று வரைபடத்தில் உடனே தெரிந்துவிடும். கணக்குக்கு சயின்டிபிக் கால்குலேட்டர் போதும்.

கப்பலில் மாறுவது இரண்டே. தளம் ஆடும், ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் நின்று, கப்பல் அலைமேல் ஏறும் நொடியில் அளவெடுங்கள். ஐந்து அளவு எடுத்து, மற்றவற்றோடு ஒட்டாததைத் தள்ளுங்கள். கண் உயரமும் மாறும். 25 மீட்டரில் திருத்தம் 8.8 கலை, சரக்கை இறக்கிய கப்பல் இன்னும் சில மீட்டர் எழும்பி நிற்கும். அந்தியில் நட்சத்திரம் பார்க்க நம் பக்கத்துக் கடல்களில் இருபது நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. எந்த நட்சத்திரம், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று முன்பே எழுதி வைத்து, இருள் முதலில் கவிகிற கிழக்கில் தொடங்குங்கள். நிலவொளியில் தெரியும் தொடுவானத்தை நம்பாதீர்கள். பளபளப்பு அதைக் கீழே இறக்கிக் காட்டும்.