வெளிநாட்டு முனைவர் பட்டமும் உதவிப் பேராசிரியர் பணியும்: முதுகலை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றுத் தமிழ்நாட்டில் பல்கலைக்கழக ஆசிரியராக விரும்பும் முதுகலை மாணவர்கள், விண்ணப்பங்களைத் தொடங்குவதற்கு முன்பே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தையும் தகுதியாக ஏற்றன. ஆனால் 2023 திருத்தம் நெட், செட் தேர்ச்சியையே உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்குக் குறைந்தபட்சத் தகுதி என்கிறது. ஆகவே தேர்ச்சிச் சான்றிதழ் கையில் இருப்பதே பாதுகாப்பானது. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு.

நெட் தேர்ச்சியோடு நின்றுவிடவும் கூடாது. பல்கலைக்கழகங்களில் நேர்காணலுக்கு அழைப்பதற்காக 2018 விதிமுறைகள் வகுத்த மதிப்பீட்டில் முனைவர் பட்டத்துக்கு 30 புள்ளிகள், நெட் தேர்ச்சிக்கு 5 புள்ளிகள்.

நாட்டை முதலில் முடிவுசெய்துவிட்டு, ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான நெறியாளரைத் தேடுவது தலைகீழான முறை. உங்கள் ஆய்வுக் கேள்வியில் உண்மையில் உழைத்துவருபவர் யார் என்பதே முதலில் தெரிய வேண்டும். அதன் பிறகு அவர் பணிபுரியும் நாட்டின் நடைமுறையைப் படியுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலும் நெறியாளரின் சம்மதம்தான் நுழைவாயில். அங்கே பல ஆய்வு இடங்கள் சம்பளத்துடன் கூடிய பணியிடங்களாகவே விளம்பரப்படுத்தப்படுகின்றன. அமெரிக்காவிலோ துறையின் சேர்க்கைக் குழு முடிவெடுக்கிறது. ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய டிசம்பரை ஒட்டியே பல துறைகளில் விண்ணப்பக் காலம் முடிந்துவிடும். உதவித்தொகைக்கு ஈடாக இளங்கலை வகுப்புகளில் கற்பித்தல் உதவியாளராகப் பணிபுரியும் வாய்ப்பு அங்கே பரவலாக உள்ளது. ஆசிரியராக விரும்புவோர் இதைச் சுமையாகக் கருதாமல், பாடத்திட்டம் அமைப்பது, விடைத்தாளில் மாணவருக்குப் பயன்படும் குறிப்பு எழுதுவது, தயங்கும் மாணவரைப் பேசவைப்பது ஆகியவற்றைப் பழகும் களமாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெறியாளருக்கு எழுதும் முதல் கடிதத்துக்கு மிகுந்த உழைப்பைச் செலவிடுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்புவது வீண். படிப்பவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அவருடைய அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது முழுமையாகப் படித்து, எந்த வாதத்திலிருந்து உங்கள் கேள்வி பிறக்கிறது, அதற்கு விடைதேட உங்களிடம் என்ன தரவு அல்லது பயிற்சி உள்ளது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். முதுகலை ஆய்வேட்டின் சுருக்கத்தையும் தன்விவரக் குறிப்பையும் இணையுங்கள். புகழுரை வேண்டாம். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம்.

திரும்பி வரும்போது ஆவணங்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு நிகரானது என்னும் இணைத்தன்மைச் சான்றிதழை அப்போது நடப்பிலுள்ள விதிப்படி உடனே கோருங்கள். முனைவர் பட்டத்துக்காகச் செலவிட்ட காலம் கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவமாகக் கணக்கிடப்படாது என்று 2018 விதிமுறைகள் கூறுவதால், பட்டத்துக்குப் பிந்தைய பணிக்குத் தனிச் சான்று பெறுவது மிக முக்கியம். பதவி, பணிக்காலம், ஊதியம், கற்பித்த பாடங்கள் ஆகியவை அந்தச் சான்றில் தெளிவாக இருக்க வேண்டும். அதை அந்த ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் கையொப்பத்துடன் வாங்கிவிடுங்கள்.