ஓடும் கழிவுநீர் நிலையத்தை நிறுத்தாமல் விரிவாக்குவது

புதுத் தொட்டி கட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. அதைப் பழைய நிலையத்தோடு சேர்க்கும் நாலைந்து மணி நேரத்தில்தான் எல்லாம் சொதப்பும். ஊர்க் கழிவுநீர் யாருக்காகவும் நிற்காது. அதனால் இணைப்பு இரவை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி அட்டவணை போடுங்கள்.

முதல் வாரமே பழைய வால்வுகளை மூடிப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத கேட் வால்வு (சக்கரத்தைச் சுற்றினால் தகடு இறங்கி மூடுவது) பாதியில் இறுகும், அல்லது அடியில் மண் அடைந்து முழுதாக உட்காராது. சக்கரம் சுற்றி நின்றுவிட்டதால் மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கீழ்ப்பக்க மேன்ஹோலில் ஓட்டம் நின்றதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். மாற்று வால்வு வர மாதக்கணக்காகலாம். பழைய வரைபடத்தையும் நம்பாதீர்கள். குழாய் இருக்கும் இடத்தில் கையால் குழி வெட்டி, அளவு நாடாவைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, வந்த அளவை 3.14-ஆல் வகுத்து வெளிவிட்டம் எடுங்கள். பழைய குழாயையும் புதியதையும் சேர்க்கும் கப்ளிங்கை அதை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் காலித் தொட்டி படகுபோல் மிதக்கும். அடித்தளத்துக்கு மேல் 1 மீட்டர் நீர் நின்றால் சதுர மீட்டருக்கு 1 டன் மேல்நோக்கித் தள்ளும். அதைச் சமாளிக்கவே ஏறக்குறைய 42 செ.மீ. கான்கிரீட் எடை வேண்டும். தொட்டியில் போதிய எடை ஏறும்வரை, நிலத்தடி நீரை இறைக்கும் டீவாட்டரிங் பம்பை நிறுத்தாதீர்கள், ஜெனரேட்டர் தயாராக இருக்கட்டும்.

தொட்டியைச் சுற்றி மண் நிரப்பும் முன், கசிகிறதா என்று நீர்ச் சோதனை. தொட்டியில் நீர் நிரப்பி 7 நாள் ஊறவிட்டு, அடுத்த 7 நாள் மட்டத்தை அளக்க வேண்டும். நீர் ஊற்றிய வாளி ஒன்றை உள்ளே மிதக்கவிட்டால் ஆவியானது எவ்வளவு என்று தெரியும். ஆவியானது போக, ஆழத்தில் 500-இல் ஒரு பங்கு அல்லது 10 மி.மீ., எது குறைவோ அதுவே வழக்கமான வரம்பு: 4 மீட்டருக்கு 8 மி.மீ. கசிவு பெரும்பாலும் சுவர் நடுவில் வராது, கான்கிரீட் துண்டுகள் சேரும் ஜாயின்ட்டில்தான் வரும். அங்கே நீரைத் தடுக்க வைக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டை, கான்கிரீட் போடும்போது மடங்கிப் படுத்திருக்கும்.

இணைப்பை ஓட்டம் மிகக் குறைவான அதிகாலையில் வையுங்கள். ஆனாலும் வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கழிவுநீரைத் திருப்பிவிடும் பைபாஸ் பம்பைக் காலை உச்ச ஓட்டத்துக்கே தேர்ந்தெடுங்கள், வேலை இழுத்துவிடும். பைப்பில் பொருத்திய ஸ்பேர் பம்ப் ஒன்று கட்டாயம். மேன்ஹோலில் இறங்கும் முன்னும் வேலை முடியும்வரையும் வாயு அளவி ஓட வேண்டும்: ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தொட்டாலோ ஆள் வெளியே. நாற்றத்தை நம்பாதீர்கள், 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போகும்.

தொட்டியில் காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசரை மாட்டும் முன் காற்றுக் குழாயை ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் சிமெண்ட் தூசி போய் அதன் மெம்ப்ரேனை (துளையிட்ட ரப்பர் போன்ற சவ்வு) அடைக்கும். கழிவைத் தின்னும் கிருமிகள் உள்ள பழைய தொட்டியின் சேற்றைக் கொஞ்சம் மாற்றி ஊற்றினால் புதுத் தொட்டி சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும். வாடகை மிச்சமென்று பைபாஸ் பம்பை அன்றைக்கே திருப்பி அனுப்ப ஒப்பந்தக்காரர் துடிப்பார். புது இணைப்பு ஒரு முழு உச்ச ஓட்டத்தைத் தாங்கும்வரை விடாதீர்கள்.